எல்லை தாண்டி ஒரு காட்டுப் பயணம்: பந்திப்பூரா, கே.குடியா, பரம்பிக்குளமா?

கடைமடைக்காரன்:
எல்லோருக்கும் வணக்கமுங்க. எங்களுக்கு வெள்ளகோவில் பக்கம். அரைப்பரீட்சை லீவில் குடும்பத்தோடு காடு பார்க்கப் போகலாம் என்று இருக்கிறோம். நான், வீட்டுக்காரி, ஏழாவது படிக்கும் பையன், நாலாவது படிக்கும் பாப்பா, எங்க அப்பா அம்மா. அப்பாவுக்கு 71 வயது, முழங்கால் வலி உண்டு, ஆனால் உட்கார்ந்து வர அலுக்க மாட்டார். ஏழு பேர் உட்காரும் வண்டி இருக்கிறது, நான்தான் ஓட்டுவேன். மூன்று பகல் இரண்டு இரவு.

பையனுக்குப் புலி பார்க்க வேண்டும். ஒரு வருசமாக அதே பேச்சு. அதனால் பந்திப்பூர் என்று முடிவு செய்துவிட்டேன். சத்தி, திம்பம் வழியாகப் போவதா, ஊட்டி வழியாகப் போவதா, சஃபாரிக்கு எங்கே சீட்டு எடுப்பது, எத்தனை முறை போனால் புலி கிடைக்கும்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கோவை லென்ஸ்:
பந்திப்பூருக்கு இதுவரை ஒன்பது சஃபாரி போயிருக்கிறேன், புலி பார்த்தது இரண்டு முறை. 2022 கணக்கெடுப்பில் பந்திப்பூருக்குள் 150 புலி, பக்கத்து நாகரஹொளெயில் 141. இந்தியாவிலேயே மேல் வரிசையில் இருக்கும் காடுகள் இவை. அப்படியிருந்தும் எனக்கு ஒன்பதுக்கு இரண்டுதான். எத்தனை முறை போனால் கிடைக்கும் என்று யாராவது உறுதியாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

சஃபாரி கவுண்டர் முன்பு பந்திப்பூர் வளாகத்திலேயே இருந்தது. இப்போது குண்டல்பேட்டைப் பக்கம் மேலுகாமனஹள்ளியில். வனத்துறையின் பஸ், ஜீப் இரண்டும் உண்டு. ஜீப்பே எடுங்கள், பஸ்ஸில் ஜன்னலுக்கு ஜன்னல் எழுந்து ஓடுகிற கூட்டத்தில் பாப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் விடுதியில் தங்கினால் சஃபாரியும் கட்டணத்திலேயே சேர்ந்து வரும், விலை கூடுதல்.

முக்கியமான ஒன்று. 2025 நவம்பரில் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் புலி தாக்கி ஆட்கள் இறந்ததும் பந்திப்பூர், நாகரஹொளெ இரண்டிலும் சஃபாரியை அரசு நிறுத்தியது. அங்கே நிலைமை எப்போது வேண்டுமானாலும் மாறும். முன்பணம் கட்டுவதற்கு முன்னால் வனத்துறைத் தளத்தில் அன்றைய நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள்.

ஊட்டி வழி என்றால் 2024 மே முதல் நீலகிரிக்கு இ-பாஸ் வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலையும் சோதனைச் சாவடியில் எடுத்துவிடுவார்கள். எந்த வழியில் போனாலும் பந்திப்பூர்ச் சாலை இரவு 9 மணிக்கு மூடி காலை 6 மணிக்குத்தான் திறக்கும், 2009-லிருந்து அப்படித்தான்.

தாளவாடிப் பொண்ணு:
அண்ணா, திம்பம் வழியே வாங்க, இ-பாஸ் தொல்லை இல்லை. ஆனால் எங்க காட்டு வழியாக வருகிறவர்களிடம் எப்போதும் சொல்வதை உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

பண்ணாரி தாண்டினால் 27 கொண்டை ஊசி வளைவு. அதற்கு மேலே ஆசனூர், பிறகு காரப்பள்ளம் சாவடி. சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய லாரிகள் அந்த வழியாகத்தான் இறங்கும். சில ஓட்டுநர்கள் பாவம் என்று நினைத்து இரண்டு கரும்பை உருவிப் போட்டுப் போட்டு யானைகளைப் பழக்கிவிட்டார்கள். இப்போது அவை ரோட்டோரம் வந்து நின்று லாரியை மறிக்கின்றன. போன மாசி மாதம் நானும் அம்மாவும் பஸ்ஸில் வந்தபோது ஒரு பெரிய யானை கயிற்றுக்கு அடியில் தும்பிக்கையை விட்டு ஒரு கட்டு கரும்பை அப்படியே இழுத்தது. காலடியில் குட்டி, அதன் முதுகில் செம்மண் ஒட்டியிருந்தது. எங்களுக்கு முன்னால் நின்ற காரிலிருந்து ஒருவர் கதவைத் திறந்து இறங்கிப் போனைத் தூக்கிப் பிடித்தார். யானை காதை விரித்து இரண்டே அடி எடுத்து வைத்தது, அவ்வளவுதான், பஸ்ஸில் இருந்த எல்லோரும் கத்திவிட்டோம். அவர் தப்பித்தது அந்த யானையின் பொறுமையால்தான் என்று நான் நினைக்கிறேன்.

அதனால் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளுங்கள், ஹாரன் வேண்டாம், எதையும் வீச வேண்டாம், யானை நின்றால் வண்டியைத் தள்ளி நிறுத்தி அது போகும்வரை காத்திருங்கள். சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் 1,400 சதுர கிலோமீட்டருக்கும் மேல். நீங்கள் ரோடு என்று வருவது அதன் நடுவில். கார்களுக்கு இங்கேயும் இரவு 9 முதல் காலை 6 வரை தடை, 2022-ல் உயர் நீதிமன்ற உத்தரவில் வந்தது.

பந்திப்பூரில் இடம் கிடைக்காவிட்டால் கே.குடி போங்கள். சாமராஜநகரிலிருந்து பிரியும், பிளிகிரிரங்கன மலைக்காடு. 2011-ல் புலிகள் காப்பகம் ஆனது. அதே ஆண்டில் அந்தக் காட்டின் சோளகர் பழங்குடிகளுக்கு வன உரிமைச் சட்டப்படி சமூக உரிமையும் கிடைத்தது, புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் அப்படிக் கிடைத்தது அதுதான் முதல் முறை. மலை விளிம்பில் ரங்கநாதர் கோயில் இருக்கிறது. சாமிக்கு என்று தைத்து வைத்த பெரிய தோல் செருப்பை அங்கே பாருங்கள், சாமி காட்டில் நடந்து நடந்து தேய்ந்துவிடுமாம், புதுசு தைத்து வைப்பார்கள். கூட்டம் இல்லாத காடு, அம்மா அப்பாவுக்கு நிம்மதியாக இருக்கும்.

திம்பம் ஓட்டுநர்:
பதினெட்டு வருசம் அந்த மலையில் லாரி ஓட்டியவன் சொல்கிறேன், கேளுங்க தம்பி. ஏறும்போது பயமில்லை, இறங்கும்போதுதான். இரண்டாவது கியரை விட்டு மாறாதீர்கள், பிரேக்கிலேயே கால் வைத்து வந்தால் பதினைந்தாவது வளைவுக்குள் ரப்பர் தீய்ந்த வாசம் வரும். வளைவில் பெரிய வண்டி ஏறி வந்தால் இறங்குகிறவன் ஒதுங்கி நிற்க வேண்டும், அதுதான் மலை வழக்கம். டீசல் சத்தியிலேயே போட்டுக்கொள்ளுங்கள். பண்ணாரியில் அம்மனைக் கும்பிட்டுவிட்டு ஏறுங்கள்.

ஆனைமலை அக்கா:
தம்பி, உங்க பேரைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். கடைமடை என்றால் பி.ஏ.பி., அதாவது பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனம்தானே? வெள்ளகோவில் கிளைக்கால்வாயா? உங்க அப்பா பரம்பிக்குளம் அணையைப் பார்த்திருக்கிறாரா?

ஏன் கேட்கிறேன் என்றால், நீங்கள் கேட்பது எல்லை தாண்டிய காடு. பரம்பிக்குளம் கேரளாவில், பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் வண்டிப் பாதை நம்ம ஊர் வழியாக மட்டும்தான். பொள்ளாச்சி, ஆனைமலை, சேத்துமடை, டாப்சிலிப், அதற்கு அந்தப் பக்கம் ஆனப்பாடி. கேரளாக்காரர்களே தமிழ்நாட்டுக்குள் வந்துதான் அவர்கள் காட்டுக்குப் போக வேண்டும். அணை அவர்கள் மண்ணில், அதை இயக்குவதும் பராமரிப்பதும் நம்ம நீர்வளத்துறை. 1970-ல் கையெழுத்தாகி 1958-லிருந்தே அமலாகும்படி எழுதிய ஒப்பந்தம் அது. நம்ம ஊழியர்கள் குடியிருப்பு அந்தக் காட்டுக்குள் இருக்கிறது.

உங்கள் வாய்க்காலுக்கு வரும் தண்ணீர் புறப்படுவது அங்கேதான். பரம்பிக்குளம் அணை 17.82 டி.எம்.சி. அங்கிருந்து சுரங்கத்தில் தூணக்கடவு, மறுபடி மலைக்குள் சுரங்கம், சர்க்கார்பதி மின்நிலையத்தில் வந்து விழுந்து 49 கிலோமீட்டர் காண்டூர் கால்வாயில் மலையோரமாகவே போய்த் திருமூர்த்தி அணை. அதற்குப் பிறகு உங்களுக்குத் தெரியும். இந்தப் பாதை நெடுக காடு. ஒரே வண்டியில் அப்பாவுக்கு அணை, பிள்ளைகளுக்குக் காடு.

கோவை லென்ஸ்:
அக்கா, மரியாதையோடு மாறுபடுகிறேன். பரம்பிக்குளம் எனக்கும் பிடித்த இடம்தான், 2010-லிருந்து புலிகள் காப்பகமும்கூட. ஆனால் பையன் கேட்பது புலி. அங்கே தேக்குத் தோட்டமும் அடர்ந்த பசுமைக்காடும் கலந்திருக்கும், டிசம்பரில் புதர் ஆள் உயரம் நிற்கும். பந்திப்பூர் வறண்ட இலையுதிர்காடு, பார்வை நீளும். ஒரு வருசமாக ஆசைப்பட்ட பிள்ளையைத் தாத்தாவின் அணைக்குக் கூட்டிப் போனால் அவன் மனசு என்ன ஆகும் என்றும் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று, பொறுக்க முடியும் என்றால் ஏப்ரல் மே மாதம் நாகரஹொளெக் காட்டை ஒட்டிய கபினி அணைப் பக்கம் போகலாம். அணை நீர் வற்ற வற்ற கரையில் புதுப்புல் முளைக்கும், அதைத் தின்ன யானைகள் நூற்றுக்கணக்கில் இறங்கும். நான் ஒரு மாலையில் எண்ணத் தொடங்கி எண்பதோடு நிறுத்திவிட்டேன். தண்ணீருக்கு வரும் புலியும் அப்போதுதான் கண்ணில் படும்.

ஆனைமலை அக்கா:
பையன் மனசு பற்றி நீங்கள் சொன்னது சரி, அதை நான் யோசிக்கவில்லை. ஆனாலும் பள்ளிக்கூடத்தில் இருபது வருசம் பிள்ளைகளோடு இருந்தவள் என்பதால் சொல்கிறேன், புலி பார்க்கப் போகிறோம் என்று அழைத்துப் போன பிள்ளை புலி இல்லை என்றதும் மற்ற எதையும் பார்க்காது. யானை நின்றாலும் "புலி எங்கே" என்றுதான் கேட்கும். காட்டுக்குப் போகிறோம் என்று அழைத்துப் போங்கள், அது ஒன்றை மாற்றினால் போதும்.

பரம்பிக்குளத்தில் என்ன கிடைக்கும் என்றால் காட்டுமாடு நிச்சயம் போலத்தான், கூட்டம் கூட்டமாக ரோட்டோரமே மேயும். ஆண் ஒன்று ஆயிரம் கிலோ வரை வரும். புள்ளிமான், கடமான், கருமந்தி, மலை அணில், இருவாச்சி, அணைக்கரையில் முதலை, அதிர்ஷ்டம் இருந்தால் நீர்நாய்க் கூட்டம். கன்னிமாரா தேக்கு என்று ஒரு மரம், சுற்றளவு ஏழு மீட்டர் போல. வெட்டப் போனபோது ரத்தம் வந்தது, அதனால் கன்னி என்று விட்டுவிட்டார்கள் என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள்.

டாப்சிலிப்பில் ஹியூகோ வுட் கல்லறையையும் காட்டுங்கள். மரத்தை வெட்டி மலை உச்சியிலிருந்து கீழே சறுக்கிவிட்டதால்தான் அந்த ஊருக்கு டாப்சிலிப் என்றே பெயர். அப்படி மொட்டையான காட்டில் கைத்தடியால் குழி குத்தித் தேக்கு விதை போட்டுக்கொண்டே நடந்த அதிகாரி அவர். கல்லறை மேல் லத்தீனில் எழுதியிருப்பதன் பொருள், என்னைப் பார்க்க வேண்டுமானால் சுற்றிலும் பார் என்பது.

கடைமடைக்காரன்:
நேற்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு அக்கா எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நாற்பது வருசத்துக்கும் மேலாக மண்வெட்டியோடு போய் மடை திருப்பியவர், நடுராத்திரி முறைத் தண்ணீர் வந்தால் லாந்தரோடு வரப்பில் நின்றவர். அந்தத் தண்ணீர் எங்கிருந்து புறப்படுகிறது என்று பேர் மட்டும்தான் தெரியும், கண்ணால் பார்த்ததில்லை. முறை வைத்துத் தண்ணீர் விடும் நாலு மண்டலத்தில் எங்கள் மண்டலம் எப்போது என்று காலண்டரில் வட்டம் போட்டு வைப்பார். 2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் மதகு உடைந்து இருபதாயிரம் கன அடி சாலக்குடி ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தபோது டிவி முன்னாலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

"அதைப் பார்க்க விடுவாங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

பையனிடம் பேசினேன். அப்பாருக்காக இந்த முறை அணை, உனக்காகக் கோடை லீவில் கபினி என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் முதலை இருக்குமா என்று கேட்டான். ஆக, பரம்பிக்குளம். கவனிக்க வேண்டியதை எல்லாம் சொல்லுங்கள்.

ஆனைமலை அக்கா:
ரொம்ப சந்தோசம் தம்பி. இப்போது விவரம்.

நீங்கள் தாராபுரம், உடுமலை வழியாகப் பொள்ளாச்சி வந்துவிடுங்கள். பொள்ளாச்சியிலிருந்து டாப்சிலிப் சுமார் 37 கிலோமீட்டர். சேத்துமடைச் சாவடியில் நம்ம வனத்துறைக்கு ஒரு கட்டணம், ஆனப்பாடியில் கேரளத்துக்கு ஒரு கட்டணம். இரண்டு மாநிலம், இரண்டு ரசீது, இதற்குச் சண்டை போட்டுக்கொண்டு நிற்கிறவர்களை வாரா வாரம் பார்க்கிறேன். மது, பிளாஸ்டிக் இரண்டையும் சோதிப்பார்கள். பகலில் மட்டும்தான் விடுவார்கள். பைக் அனுமதி இல்லை, உங்களுக்கு அது தேவைப்படாது, மற்றவர்கள் படிப்பார்கள் என்று எழுதுகிறேன்.

ஆனப்பாடியில் வண்டியை நிறுத்திவிட்டு அவர்களுடைய பஸ்ஸில் போவது ஒரு வகை, மூன்று மணி நேரம் போல ஆகும், கூடவே வழிகாட்டி வருவார். உள்ளே தங்க முன்பதிவு செய்தால் இன்னும் நல்லது. ஆனப்பாடியில் கூடார வீடுகள், தூணக்கடவில் மரவீடு, வீட்டிக்குன்னு தீவில் ஒரு விடுதி. அப்பா முழங்காலுக்கு மரவீடும் தீவும் வேண்டாம், ஏணியும் படகும் உண்டு. கூடாரமே எடுங்கள். புள்ளிமான் வாசலில் படுத்திருக்கும்.

வழிகாட்டிகள் பெரும்பாலும் காடர், மலசர், முதுவர் சமூகத்து ஆட்கள். அந்தக் காட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களிடம் கேள்வி கேளுங்கள், பேசுங்கள், பெரும்பாலான பயணிகள் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்து அந்த வாய்ப்பை விட்டுவிடுகிறார்கள்.

தாளவாடிப் பொண்ணு:
பளபளக்கும் துணி வேண்டாம், பச்சை, காக்கி, சாம்பல் நிறம் போதும். சென்ட் போடாதீர்கள். காலை முதல் பஸ்ஸில் போங்கள், பனி விலகும் நேரம்தான் காடு நடமாடும். அம்மாவுக்கு ஸ்வெட்டர் கட்டாயம். மாத்திரை, டார்ச் மறக்காதீர்கள். கடைகள் குறைவு, பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே ஏதாவது கட்டிக்கொண்டு போங்கள், ஆனால் குரங்கு கண்ணில் படாமல் வண்டிக்குள் வைத்தே சாப்பிடுங்கள்.

திம்பம் ஓட்டுநர்:
அப்பாவை வலப்பக்க ஜன்னலில் உட்கார வையுங்கள் தம்பி. தூணக்கடவு தாண்டினால் தண்ணீர் அந்தப் பக்கம்தான் எனக்கு ஞாபகம், டிரைவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைமடைக்காரன்:
போய் வந்துவிட்டோம். நேற்று ராத்திரி வந்தது, இன்றைக்கே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனப்பாடியில் இரண்டு இரவு. அரிசிம்பருப்பு சாதமும் கச்சாயமும் அம்மா கட்டிக்கொண்டு வந்தது முதல் நாள் மத்தியானத்துக்குச் சரியாக இருந்தது. காலை பஸ்ஸில் ஏறிப் பத்து நிமிடத்தில் காட்டுமாடு. பதினோரு உருப்படி, நானே எண்ணினேன். ஒன்று பஸ்ஸுக்கு நாலடி தூரத்தில் நின்றது. கன்னங்கரேல் என்ற உடம்பு, நாலு காலிலும் முட்டிக்குக் கீழே வெள்ளை, மூச்சு விடும்போது மூக்கிலிருந்து ஆவி வந்தது. பாப்பா என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை.

புலி வரவில்லை. ஆனால் கன்னிமாரா மரத்துக்குப் போகும் வழியில் வழிகாட்டி அண்ணன் பஸ்ஸை நிறுத்தச் சொல்லிப் பையனை மட்டும் கதவுப் படிக்கு அழைத்தார். ஈர மண்ணில் ஒரு கால் தடம். உள்ளங்கை போல ஒரு அமுக்கு, அதற்கு மேல் நாலு விரல், நகம் பதியவே இல்லை. ராத்திரிப் பனிக்குப் பிறகு போயிருக்கிறது, ஓரம் இன்னும் உதிரவில்லை பார் என்று காட்டினார். நாய் வகையில் நகம் பதியும், பூனை வகை நகத்தை உள்ளே மடக்கிக்கொண்டு நடக்கும் என்று அவர் சொன்னதை வந்ததிலிருந்து தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு இருக்கிறான்.

அணைக்காட்சி முனையில் அப்பா இறங்கினார். முழங்கால் வலி பற்றி ஒரு வார்த்தை இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். தண்ணீர் அசையாமல் கிடந்தது, அக்கரையில் ஒரு முதலை வாயைத் திறந்துகொண்டு வெயில் காய்ந்தது. சுரங்கம் எந்தப் பக்கம் என்று வழிகாட்டியிடம் கேட்டார். அவர் கை காட்டிய திசையை அப்பாவும் கை நீட்டிச் சரிபார்த்துக்கொண்டார். பிறகு என்னிடம், "இங்கிருந்து நம்ம காட்டுக்கு வந்து சேர எத்தனை நாள் ஆகும்?" என்றார். நம்ம காடு என்று அவர் சொன்னது எங்கள் நாலு ஏக்கரை. பஸ்ஸில் இருந்த ஒரு கேரளத்துக் குடும்பத்துக்கு அது விளங்காமல், உங்கள் ஊரிலும் காடு இருக்கிறதா, என்ன மிருகம் என்று கேட்டார்கள். அப்பா பொறுமையாக வாய்க்கால், மடை, மண்டலம் எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மா, எங்களுக்கும் இதில் பங்கு உண்டு, பாலக்காட்டுச் சித்தூர் பக்கம்தான் எங்கள் வயல் என்றார். இரண்டு பேரும் ஆனப்பாடி வரை தண்ணீர்ப் பேச்சுத்தான்.

திரும்பும்போது அப்பா கேட்டதால் உடுமலையிலிருந்து திருமூர்த்தி அணைக்கும் வண்டியைத் திருப்பினேன். அமணலிங்கேசுவரரைக் கும்பிட்டுவிட்டுக் கரையில் கொஞ்ச நேரம் நின்றோம். அங்கே காண்டூர் கால்வாய் வந்து சேருவதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏறினார்.

கோவை லென்ஸ் அண்ணா, ஏப்ரல் கடைசி வாரம் கபினி என்று பையனிடம் சொல்லிவிட்டேன், இனி மாற்ற முடியாது. அங்கே தம்மனகட்டேயிலிருந்து கிளம்பும் சஃபாரிக்கு எத்தனை நாள் முன்னால் பதிய வேண்டும்? வெள்ளகோவிலிலிருந்து காலை ஐந்துக்குக் கிளம்பித் திம்பம் வழியாக வந்தால் ஒரே பகலில் போய்ச் சேர முடியுமா, இல்லை சாமராஜநகரில் ஒரு இரவு தங்க வேண்டுமா? தாளவாடிப் பொண்ணு, நீங்களும் சொல்லுங்கள். இந்த முறையும் அப்பா வருகிறார்.